சிறிய பொலிகுதிரையைத் தேர்ந்தெடுக்கும் முறை

மும்பையை அடுத்த சான்பாடாவிலிருந்து பன்வேல் வழியாகக் கிழக்கே செல்லும் சாலை, சஹ்யாத்ரி மலையைக் கடந்ததும் தக்காணப் பீடபூமியை அடைகிறது. அங்கே பீமா ஆற்றின் கரைகளில் வளர்ந்துவரும் மட்டக்குதிரைக்குப் பீம்தடி என்பது பெயர். ஒரு காலத்தில் மராட்டியக் குதிரைப்படைக்கு உறுதுணையாயிருந்த இக்குதிரை, இப்போது தங்கர் எனப்படும் ஆட்டிடையர்களுக்குத் துணைபுரிகிறது. மழைக்காலம் முடிந்தபின் மந்தைகள் கொங்கணக் கரைக்கு இறங்கும்போதும், மீண்டும் மேட்டுநிலம் ஏறும்போதும், கூடாரத்தையும் பாத்திரங்களையும் நடக்கமாட்டாத ஆட்டுக்குட்டிகளையும் இதுவே சுமக்கிறது. 2023-24ஆம் ஆண்டில் இது தனி இனமாகப் பதிவு பெற்றது.

பதிவு பெற்றதனால் மட்டும் ஓர் இனம் நிலைத்துவிடாது. எந்த ஆண் குதிரையை இனவிருத்திக்கு விடுகிறோம் என்பதைப் பொறுத்தே அதன் எதிர்காலம் அமையும். உயரமான குதிரையே உயர்ந்த குதிரை என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. ஆனால் குறைந்த தீவனத்தில் உயிர்வாழ்வதும், கரடுமுரடான பாதையில் தடுமாறாமல் நடப்பதும், எளிதில் சுமை ஏற்றத்தக்க உயரத்தில் நிற்பதும் மட்டக்குதிரையின் சிறப்புகளாகும். நெட்டைப் பொலிகுதிரையைச் சேர்த்தால் உயரம் கூடும், இச்சிறப்புகள் குறையும்.

சிறியதும் குன்றியதும்

சிறிய பொலிகுதிரையைத் தேடும்போது பிறிதொரு தவறும் நேரக்கூடும். இயல்பாகவே சிறிய குதிரை வேறு. குட்டிப் பருவத்தில் தீவனமின்றியும் குடற்புழுக்களாலும் வளர்ச்சி குன்றிய குதிரை வேறு. முன்னதன் உருவம் பரம்பரையால் வந்தது. ஆகையால் சந்ததிக்கும் செல்லும். பின்னதன் குறுமை சந்ததிக்குச் செல்லாது.

இவ்விரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. குதிரைக்குட்டி பிறக்கும்போதே அதன் கால்கள் நீண்டிருக்கும்; உடற்பகுதி பின்னரே வளரும். ஆகவே, முதல் இரண்டு ஆண்டுகளில் பட்டினி கிடந்த குதிரைக்குக் கால்கள் நீண்டும், மார்பு ஆழமின்றி ஒடுங்கியும், தலை உடலுக்குப் பொருந்தாமல் பெரிதாகவும் காணப்படும். இயல்பாகச் சிறிய குதிரையோ அளவொத்த உறுப்புகளுடன் ஆழ்ந்த மார்பு கொண்டு விளங்கும். தாய், தந்தை, உடன்பிறந்த குதிரைகள் ஆகியவற்றையும் அளந்து பார்த்தால் ஐயம் நீங்கும். சமதளத்தில் நிறுத்தி, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டின் உச்சிவரை அளப்பதே முறை.

தாயின் பங்கு

1938இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வால்டன், ஹாமண்ட் என்னும் அறிஞர்கள் ஒரு பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். மிகப் பெரிய ஷயர் இனத்தையும் மிகச் சிறிய ஷெட்லாண்ட் இனத்தையும் செயற்கை முறைக் கருவூட்டலால் இரு வழியிலும் அவர்கள் கலந்தனர். ஷயர் தாய்க்குப் பிறந்த கலப்புக் குட்டி, ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்த கலப்புக் குட்டியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எடை கொண்டிருந்தது. பிறக்கும்போதுள்ள உருவத்தைப் பெரிதும் தாயின் கருப்பையே வரையறுக்கிறது என்பது இதனால் புலனாயிற்று. எனவே, பிறந்த குட்டியின் அளவைக் கொண்டு பொலிகுதிரையை மதிப்பிடலாகாது. ஒத்த அளவுள்ள தாய்களுக்குப் பிறந்து முழு வளர்ச்சி பெற்ற குட்டிகளைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும்.

கவனிக்கவேண்டிய குறிகள்

வயதைப் பல்லால் அறியலாம். நடு வெட்டுப்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரத்தவை நாலரையிலும் விழுந்து முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்திருக்கும். மேற்பற்கள் கீழ்ப்பற்களைக் கடந்து கிளிமூக்குப் போல் நீண்டிருந்தால் அக்குதிரையைத் தள்ளவேண்டும். கால்கள் நேராகவும் குளம்புகள் கெட்டியாகவும் இருத்தல் அவசியம். விதைகள் இரண்டும் இறங்கியிருக்கவேண்டும். ஒன்று இறங்காத குதிரை எவ்வளவு அழகாயினும் இனவிருத்திக்கு ஏற்றதன்று. முரட்டுக் குணமுடையதும் ஆகாது. சேர்க்கைக்கு முன் கிளாண்டர்ஸ், தொற்று இரத்தசோகை ஆகிய நோய்களுக்கு இரத்தப் பரிசோதனை செய்வித்தல் இன்றியமையாதது.

ஒன்று போதுமா?

நல்ல பொலிகுதிரை ஒன்று கிடைத்ததும் ஊரிலுள்ள பெண் குதிரைகள் அனைத்திற்கும் அதையே விடுவது வழக்கம். இது ஆபத்தானது. ஓர் ஆணும் 40 பெண்களும் உள்ள மந்தையில் 41 உயிர்கள் இருப்பினும், மரபுக் கணக்குப்படி அது நான்கு குதிரைகள் கொண்ட மந்தைக்கே சமம். ஆண் பெண் எண்ணிக்கைகளைப் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் இவ்விடை கிடைக்கும். அதே 40 பெண்களுக்கு உறவற்ற நான்கு ஆண்களை விட்டால் இவ்வெண் ஏறத்தாழ 15 ஆக உயரும். தன் பெண் குட்டிகள் பருவமடையும் முன்னரே பொலிகுதிரையை வேறு ஊருக்கு மாற்றிவிடவேண்டும்.

இக்கணக்கின் அவசியத்தை மணிப்பூர் உணர்த்துகிறது. போலோ ஆட்டத்தை உலகிற்கு அளித்த அம்மாநிலத்தின் மட்டக்குதிரைகள், 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 1,101 மட்டுமே இருந்தன. பிற நாடுகளில் முதல் உலகப் போருக்குப் பின் போலோ குதிரைக்குரிய உயர வரம்பு நீங்கியதால் நெட்டைக் குதிரைகளே ஆட்டத்தில் இடம்பெற்றன. மணிப்பூர் மக்களோ தம் சிறு குதிரையைக் கைவிடவில்லை. ஆயினும் மேய்ச்சல் நிலம் சுருங்கியதால் அது அருகியது. எண்ணிக்கை குறைந்த நிலையில் ஒவ்வொரு பொலிகுதிரையின் தேர்வும் இனத்தின் ஆயுளைப் பாதிக்கும்.

பீம்தடிக்கு அந்நிலை வராமல் காக்கக் களப்பணியாளர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. சிற்றூரில் நல்ல ஆண் குட்டியைக் கண்டால், அதற்கு விதையடிக்கும் முன்னரே அளந்து, அதன் தாய் தந்தையருடன் ஏட்டில் குறித்துவைக்கவேண்டும். காலம் தவறினால் இழந்த இரத்தத்தைப் பின்னர்த் தேடிப் பெற இயலாது.