புது பெட் வாங்கிக் கொடுத்தும் நாய் சோஃபாவில் ஏறுவது ஏன்? தடுப்பது எப்படி?

ஆயிரக்கணக்கில் செலவு செய்து மெத்துமெத்தென்று ஒரு பெட் வாங்கி ஹாலில் போட்டாயிற்று. நாயோ அதை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, நேராகப் போய் சோஃபாவில் சுருண்டு படுத்துக்கொள்கிறது. நாய் வளர்க்கும் பல வீடுகளில் நடக்கும் கதைதான் இது. 'கொழுப்பு ஏறிப் போச்சு' என்று திட்டுவதற்கு முன், அது ஏன் அங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

சோஃபா மீது அப்படி என்ன ஆசை?

முதல் காரணம், வாசனை. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து எழும் இடம் சோஃபா. உங்கள் வாசனை அதில் ஊறிக் கிடக்கிறது. கடையிலிருந்து வந்த புது பெட்டில் நாய்க்குத் தெரிந்த வாசனை எதுவும் இல்லை. இரண்டாவது, சோஃபா உயரமாக இருப்பதால் வாசலில் யார் வருகிறார்கள், ஜன்னலுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று படுத்தபடியே பார்க்கலாம். மூன்றாவது, ஃபேன் காற்று அங்கேதான் நன்றாக வரும்!

'வீட்டுக்குத் தலைவன்' ஆகப் பார்க்கிறதா?

'சோஃபாவில் ஏறவிட்டால் நாய் தன்னைத்தான் வீட்டுக்குத் தலைவன் என்று நினைத்துக்கொள்ளும்' என்று சிலர் சொல்வதுண்டு. 1947-ல் ருடால்ஃப் ஷெங்கெல், அடைத்து வளர்க்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதிய ஆய்விலிருந்து கிளம்பிய கருத்து இது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ல் எழுதிய புத்தகம் இதை மேலும் பரப்பியது. ஆனால், அதே மெக் 1999-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் கொண்ட சாதாரணக் குடும்பம்தான் என்று விளக்கினார். ஆகவே சோஃபாவில் ஏறும் நாய் ஆட்சியைப் பிடிக்கவில்லை. சுகமான இடத்தைப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

தரையிலேயே படுக்கட்டுமே, என்ன ஆகிவிடும்?

வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதி நேரத்தைத் தூக்கத்திலும் ஓய்விலும்தான் கழிக்கிறது. குட்டியும் வயதான நாயும் இன்னும் அதிகம். இத்தனை மணி நேரமும் டைல்ஸ் தரையில் படுத்தால், எடை அதிகமுள்ள நாய்களுக்கு முழங்கைத் தோல் தடித்துக் காய்ப்புக் காய்க்கும். சில நாய்களுக்கு அந்த இடத்தில் நீர் கோத்து வீங்கிவிடும். மூட்டுவலி உள்ள நாய்க்கு வழவழப்பான தரையிலிருந்து எழுந்து நிற்பதே பெரும்பாடு.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம்ம ஊர் வேட்டை நாய்களுக்கு உடம்பில் சதைப்பற்று குறைவு. எலும்பு நேராகத் தரையில் அழுந்தும் என்பதால் இவற்றுக்கும் மெத்தை தேவை.

எந்த நாய்க்கு எந்த பெட்?

விலையைப் பார்ப்பதற்கு முன், நாய் எப்படிப் படுக்கிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். கை காலை நீட்டிப் படுக்கும் நாய்க்கு விளிம்பு இல்லாத தட்டையான பெட் நல்லது. சுருண்டு படுக்கும் நாய்க்கும், எதன் மீதாவது தலை சாய்க்கும் நாய்க்கும் சுற்றிலும் திண்டு வைத்த பெட் பிடிக்கும்.

அளவு: நாய் நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு சுமார் 20 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். குட்டி என்றால், அது வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும் என்று யோசித்து வாங்குங்கள்.

தடிமன்: பெட்டின் நடுவில் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்திப் பாருங்கள். தரை கையில் தட்டுப்பட்டால் பெரிய நாய்க்கு அது பத்தாது. வயதான நாய்களுக்கு அமுங்கி மெதுவாக எழும் மெமரி ஃபோம் ரகம் வலியைக் குறைக்க உதவும்.

வெயில்: நாய்க்கு மனிதர்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பெரும்பாலும் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைக் குறைத்துக்கொள்ளும். லாப்ரடார் போன்ற அடர்ந்த முடி நாயை ஏப்ரல், மே மாதத்தில் பஞ்சு மெத்தையில் படுக்கச் சொன்னால் அது தரையைத்தான் தேடும். அதற்கு, கயிற்றுக் கட்டில் மாதிரி கால் வைத்து வலைத்துணி கட்டிய பெட் சரியாக இருக்கும். அடியிலும் காற்று ஓடும்.

கடிக்கும் பழக்கம்: கிழித்து விளையாடும் நாய்க்கு விலை உயர்ந்த மெத்தை இப்போதைக்கு வேண்டாம். பஞ்சையும் ஃபோமையும் விழுங்கினால் குடலில் அடைத்து, ஆபரேஷன் வரை போகலாம். பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டாலே போதும்.

எங்கே போடுவது?

பலரும் தவறு செய்வது இங்கேதான். பெட்டை பால்கனி மூலையிலோ ஷூ ஸ்டாண்ட் பக்கத்திலோ ஒதுக்கிப் போட்டால் நாய் அங்கே தங்காது. வீட்டு ஆட்கள் கண்ணில் படும்படி, நடக்கும் வழியை மறைக்காமல், ஃபேன் காற்று படும் இடத்தில் போடுங்கள். நீங்கள் உடுத்திய பழைய டி-ஷர்ட் ஒன்றை அதன் மேல் விரித்து வையுங்கள்.

பழக்குவது எப்படி?

நாய் தானாக பெட்டில் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் பிடித்த தீனி ஒரு துண்டு போடுங்கள். சோஃபாவில் ஏறிவிட்டால் கத்த வேண்டாம். 'இறங்கு' என்று ஒரே வார்த்தை சொல்லி, தீனியைத் தரைப்பக்கம் காட்டுங்கள். இறங்கியதும் பெட்டுக்குக் கூட்டிப்போய் அங்கே கொடுங்கள். ஏறி இறங்கினால்தான் தீனி என்று கற்றுக்கொள்ளக் கூடாது. அதனால், ஏறாமல் பெட்டில் சும்மா படுத்திருக்கும்போது இன்னும் தாராளமாகக் கொடுங்கள்.

வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் அறைக் கதவைச் சாத்துங்கள், அல்லது சோஃபா மேல் நாற்காலியைக் கவிழ்த்து வையுங்கள்.

முக்கியமானது, வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம். அம்மா விரட்ட, தாத்தா 'பாவம், இன்னிக்கு ஒருநாள் மட்டும்' என்று பக்கத்தில் ஏற்றிக்கொண்டால் பழக்கம் போகவே போகாது. என்றாவது ஒருநாள் கிடைக்கும் என்று தெரிந்தால் நாய் தினமும் முயற்சி செய்யும்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

சோஃபாவில் அந்துருண்டை வைப்பது, ஃபினாயில் தெளிப்பது, மிளகாய்த்தூள் தூவுவது மூன்றும் ஆபத்து. அந்துருண்டையும் ஃபினாயிலும் நாய்க்கு விஷம். மிளகாய்த்தூள் கண்ணையும் மூக்கையும் புண்ணாக்கும்.

இறங்கச் சொல்லும்போது நாய் உறுமினால் காலரைப் பிடித்து இழுக்காதீர்கள், அடிக்காதீர்கள். உறுமல் என்பது கடிக்கு முன் வரும் எச்சரிக்கை. உறுமியதற்கு அடி வாங்கும் நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கலாம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் கூடுதல் கவனம் தேவை. குழந்தையைத் தள்ளி நிறுத்திவிட்டு, கால்நடை மருத்துவரிடம் ஆலோசனை கேளுங்கள்.

உண்ணி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்

நாய் உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாய் உடம்பில் கழிப்பதில்லை. சுவர் இடுக்கிலும் சோஃபா மடிப்பிலும் ஒளிந்திருந்து, ஒரே பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும் உண்ணிக் காய்ச்சல் இதன் வழியாகத்தான் நாய்க்கு வருகிறது. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே உறையைக் கழற்றித் துவைக்கக்கூடிய பெட்டாக வாங்கி, வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து, சுள்ளென்ற வெயிலில் காயப்போடுங்கள். மழைக்காலத்தில் பெட்டைத் தூக்கி நிறுத்தி அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

தினமும் சோஃபாவில் தாவி ஏறிய நாய் திடீரென்று ஏறாமல் நின்றால், 'அப்பாடா, திருந்திவிட்டது' என்று நினைக்காதீர்கள். அது மூட்டுவலியாகவோ முதுகுவலியாகவோ இருக்கலாம். உடல் நீண்டு கால் குட்டையாக உள்ள டாஷ்ஹண்ட் இனத்துக்கு முதுகெலும்புத் தட்டு பாதிப்பு சகஜம். உயரத்திலிருந்து குதிப்பது அதற்கு நல்லதல்ல. பின்னங்கால் தள்ளாடினாலோ, தூக்கும்போது வலியில் கத்தினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.