மர அறுவை யந்திரத்தில் தேய்ந்த பேரிங்குகளை மாற்றும் முறை

கலப்பைக்கும் வண்டிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் வேண்டிய மரத்தைத் தாமே அறுத்துக்கொள்ள விரும்பும் விவசாயிகள், இரும்புச் சட்டம், பழைய மோட்டார், ஒரு தண்டு, இரண்டு பேரிங்குகள் ஆகியவற்றைக் கொண்டு வட்டவாள் மேஜையொன்றை வீட்டிலேயே அமைத்துக்கொள்வது இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பிரதேசங்களில் கடினமன்று. 1936-ல் இராஜபாளையம் மில்ஸ் ஏற்பட்டது முதல் பஞ்சாலைகளுக்குப் பேர்பெற்ற ஊராதலின், பெல்ட்டும் பேரிங்கும் கைதேர்ந்த பிட்டர்களும் அங்கே அரிதல்ல. ஆயினும், யந்திரத்தை அமைப்பதில் காட்டும் ஊக்கத்தை அதைப் பராமரிப்பதில் காட்டுவோர் சிலரே.

பன்னிரண்டு அங்குல வாள் நிமிஷத்திற்கு 2,800 சுற்று சுற்றுமாயின், அதன் பற்கள் மணிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. பேரிங்கு தேய்ந்து தண்டு ஆடத் தொடங்கினால் வாளும் ஆடும். ஆடும் வாளை மரம் கவ்வும். கவ்விய மரம் அறுப்பவர் மீதே திரும்பி எறியப்படும். ஆகையால் இது வெறும் சிக்கன விஷயமன்று. கைவிரல்களைப் பற்றிய விஷயமாகும்.

தேய்மானத்தை அறிவது எளிது. முதலில் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றினால், நல்ல பேரிங்கு ஓசையின்றிச் சுழலும்; கெட்டது மணல் அரைபடுவதுபோல் கரகரக்கும். தண்டை மேலும் கீழும் அசைத்துப் பார்க்கையில் ஆட்டம் தெரிந்தாலும், சிறிது நேரம் ஓடியதும் பேரிங்குக் கூடு கை வைக்கமுடியாதபடி சுட்டாலும், மாற்றுவதைத் தள்ளிப்போடலாகாது.

புதியது வாங்குமுன் பழையதன் எண்ணைத் துடைத்துப் படிக்க வேண்டும். 6205 என்றிருந்தால் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்க, உள்துளை 25 மில்லிமீட்டர் என்று தெரியும். அதன் வெளிவிட்டம் 52, அகலம் 15. (04-க்கு மேற்பட்ட எண்களுக்கே இக்கணக்குப் பொருந்தும், 04-ம் இதில் அடங்கும்.) எண்ணுக்குப் பின்னுள்ள எழுத்துக்களையும் கவனிக்க வேண்டும். ‘இஸட் இஸட்’ என்றிருப்பது தகட்டு மூடியுடையது, ‘2 ஆர்.எஸ்.’ என்பது ரப்பர் மூடியுடையது. மரத்தூள் பறக்குமிடத்திற்கு ரப்பர் மூடியே ஏற்றது.

கழற்றுவதில் சம்மட்டியே முதற் சத்துரு. புல்லர் கொண்டு உள்வளையத்தைப் பற்றி இழுப்பதே முறை. புதியதைத் தண்டில் ஏற்றும்போதும் விசை உள்வளையத்தின் மீதே விழவேண்டும். அதற்கேற்ற குழாய்த் துண்டொன்றை வைத்துச் சீராகத் தட்டலாம். வெளிவளையத்தில் தட்டினால் குண்டுகள் ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்து, புதிய பேரிங்கு அன்றே பழையதாகிவிடும். மூடியுள்ள பேரிங்கை எண்ணெயில் காய்ச்சுவதும் கூடாது.

வீட்டில் செய்த யந்திரத்தில் பெரும்பாலும் தண்டும் தேய்ந்திருக்கும். பேரிங்கு கையாலேயே தளர்வாக ஏறுமாயின், சிலர் தண்டில் பஞ்ச் கொண்டு புள்ளி குத்தி இறுக்கிவிடுவர். இது சில வாரங்களுக்கே தாங்கும். லேத்துப் பட்டறையில் புதுத் தண்டு கடைந்துகொள்வதே, செலவு கூடினும், பின்னர்ச் செலவைத் தவிர்ப்பதாம்.

இரண்டு கூடுகளும் ஒரே நேர்கோட்டில் நில்லாமையும் பேரிங்கு விரைவில் கெடுவதற்கு ஒரு காரணம். சுவீடன் தேசத்துக் கோத்தன்பர்க் நகரில் நெசவாலையொன்றில் பணிபுரிந்த ஸ்வென் விங்க்விஸ்ட் என்னும் இஞ்சினீயர் இத்தொல்லையைத்தான் கண்டார். களிமண் தரை அசைந்ததால் ஆலையின் நீண்ட தண்டுகள் கோணலாகிப் பேரிங்குகள் ஓயாமல் பழுதாயின. அவர் 1907-ல் தண்டின் கோணலுக்கேற்பத் தானே சாய்ந்துகொடுக்கும் பேரிங்கை அமைத்தார், எஸ்.கே.எப். கம்பெனி அவ்வாண்டே தோன்றியது. ஈரத்தில் பொங்கி வெயிலில் வெடிக்கும் நம் கரிசல் தரையும் அக்களிமண்ணுக்குச் சளைத்ததன்று. ஆதலின் யந்திரத்தைக் கான்கிரீட் மேடையில் முடுக்கி, சாய்ந்துகொடுக்கும் பிளம்மர் பிளாக்குகளைப் பொருத்தி, நூல் பிடித்து நேர்பார்த்தல் அவசியம்.

விளக்கெண்ணெயும் வைக்கோற் கரியும் குழைத்த வண்டி மை, மெதுவாகச் சுழலும் வண்டி இருசுக்கு உகந்ததே. பேரிங்குக்கோ அக்கரித்தூளே விஷம். கிரீஸ் இடும் கூடாயின், உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இட்டால் போதும். திணித்து நிரப்பினால் சூடேறும். பெல்ட்டை வீணைத் தந்திபோல் முறுக்குவதும் அவ்வாறே கேடு.

பாசனத்திற்கென அளிக்கப்பட்ட இலவச மின்னிணைப்பை இவ்யந்திரத்திற்கு உபயோகிப்பது விதிக்கு மாறானது என்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துரைத்தல் நலம்.

வேலை முடிந்ததும் வாளின்றியே அரைமணி நேரம் ஓட்டி, கூடுகளின் சூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடாயின் குற்றமில்லை. பிறகு வாளைப் பூட்டி, காய்ந்த வேம்பு போன்ற நடுத்தர மரத்தில் முதல் அறுப்பை நடத்தலாம். கருவேல் ஒரு வாரம் பொறுக்கட்டும். அதற்குள் கூட்டின் ஆணிகளை மறுபடியும் ஒருமுறை முடுக்கிக்கொள்ள வேண்டும்.