மூடிக் கிடக்கும் மரபணு

கோயம்புத்தூரிலிருந்து ஆனைக்கட்டி வழியாக மேற்கே போனால் கேரளத்தின் அட்டப்பாடி வந்துவிடும். பாலக்காடு மாவட்டத்தின் மலைப்பகுதி அது. பவானியும் சிறுவாணியும் அங்கே பாய்கின்றன. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள். அவர்களில் சில குடும்பங்களை வருத்துவது அரிவாள் செல் நோய். பக்கத்திலுள்ள நீலகிரியின் பழங்குடி மக்களிடம் இந்த நோய்க்குரிய மரபுக்கூறு இருப்பதை ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952இலேயே கண்டறிந்து எழுதினார்கள்.

இந்த நோயில் ஒரு புதிர் உண்டு, தம்பி தங்கைகளே. நோயோடு பிறக்கும் குழந்தை முதல் சில மாதங்கள் நன்றாகவே இருக்கும். அதற்குப் பிறகுதான் சோகையும், கை கால் வீக்கமும், எலும்பைக் குடையும் வலியும் தலைகாட்டும். கோளாறு பிறவியிலேயே இருக்கிறது, நோய் மட்டும் ஏன் தாமதமாக வருகிறது? ஜேனட் வாட்சன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இதை 1948இல் கவனித்தார். முழு விடை கிடைக்க அறுபது ஆண்டுகள் ஆயின.

ஒரே ஓர் எழுத்து

நம் ரத்தச் சிவப்பணுக்களில் நிறைந்திருப்பது ஹீமோகுளோபின் என்ற புரதம். உடல் முழுவதும் ஆக்சிஜனைக் கொண்டு சேர்ப்பது அதுதான். ஆல்ஃபா சங்கிலிகள் இரண்டும் பீட்டா சங்கிலிகள் இரண்டும் சேர்ந்தால் ஒரு ஹீமோகுளோபின். ஒவ்வொரு பீட்டா சங்கிலியும் 146 அமினோ அமிலங்கள் கோத்த மாலை.

மாலை நீளமாகக் கிடந்தால் எந்த வேலையும் நடக்காது. அது வளைந்து, மடிந்து, தனக்கென ஒரு வடிவம் எடுக்க வேண்டும். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று 1963இல் கணக்கிட்டுக் காட்டியவர் எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தன் குழுவினரோடு அவர் வரைந்த ‘ராமச்சந்திரன் வரைபடம்’ இன்றும் உலகமெங்கும் பயன்படுகிறது.

அரிவாள் செல் நோயில் பீட்டா சங்கிலிக்கான மரபணுவின் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் என்ற அமினோ அமிலம் வந்து உட்காருகிறது. வேலினுக்குத் தண்ணீர் ஆகாது. ஆக்சிஜனை இறக்கிவைத்த ஹீமோகுளோபினின் வடிவம் சற்று மாறும். அப்போது இந்த வேலின் பக்கத்து ஹீமோகுளோபினின் பள்ளத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றோடு ஒன்றாக ஒட்டி நீண்ட இழைகள் உருவாகின்றன. வட்டமாக, நெகிழ்வாக இருந்த சிவப்பணு அரிவாள் போல வளைந்து விறைக்கிறது. சிறு ரத்தக்குழாய்களில் சிக்கி அடைக்கிறது. 120 நாள் வாழ வேண்டிய அணு இரண்டு மூன்று வாரங்களிலேயே அழிந்துபோகிறது.

எந்த மரபணு, எப்போது?

தோல் செல்லிலும் மூளைச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது. ஏறத்தாழ 20,000 புரதங்களுக்கான குறிப்புகள் அதில் உண்டு. ஆனால் எல்லா மரபணுக்களும் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. ஒரு புரதம் தேவைப்படும்போது அதற்குரிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. நூலகத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாத பெரிய புத்தகத்திலிருந்து வேண்டிய பக்கத்தை மட்டும் நகல் எடுப்பது போன்ற வேலை இது. அந்த நகலைப் படித்துத்தான் செல் புரதத்தைச் செய்கிறது.

எதைப் படியெடுப்பது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்பவையும் புரதங்களே. அவற்றுக்குப் படியெடுத்தல் காரணிகள் என்று பெயர். டி.என்.ஏ.வில் ஏ, டி, ஜி, சி என நான்கு எழுத்துகள் உண்டல்லவா? ஒவ்வொரு காரணியும் தனக்குரிய சின்னஞ்சிறு எழுத்துத் தொடரைத் தேடி அங்கே அமர்கிறது. வடிவம் பொருந்தினால்தான் அமர முடியும். சில காரணிகளில் ஒரு துத்தநாக அணு புரதத்தின் ஒரு மடிப்பை விரல் போல நிமிர்த்திப் பிடித்திருக்கும். அந்த விரல் டி.என்.ஏ.வின் பள்ளத்தில் நுழைந்து எழுத்துகளைத் தொட்டுப் படிக்கும்! அப்படி அமர்ந்த காரணிகளில் சில மரபணுவைத் திறந்துவிடும், சில மூடிவிடும்.

புதிர் அவிழ்கிறது

தாயின் வயிற்றிலிருக்கும் குழந்தை பீட்டாவுக்குப் பதில் காமா என்ற சங்கிலியை அதிகம் பயன்படுத்துகிறது. காமா ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பிடிக்கும். அதனால் தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள முடிகிறது. பிறந்த சில மாதங்களில் காமா மரபணு மூடப்பட்டு, பீட்டா முழுவீச்சில் வேலைக்கு வருகிறது. எழுத்து மாறியிருப்பது பீட்டாவில்தானே? அதனால்தான் நோயும் அப்போது தொடங்குகிறது.

காமாவை மூடுவது யார்? 2008இல் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் பாஸ்டன் நகரில் அதைக் கண்டுபிடித்தார்கள். பி.சி.எல்.11ஏ என்ற காரணிதான் அது. துத்தநாக விரல்களால் காமா மரபணுவின் வாசலில் டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்ற எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு அது வழியை அடைக்கிறது.

அப்படியானால் நோயாளியின் உடலிலேயே பழுதில்லாத காமா மரபணு இருக்கிறது. அழியவில்லை, மூடித்தான் கிடக்கிறது. அதை மறுபடி திறந்தால் என்ன?

ஹைட்ராக்சியூரியா என்ற மருந்து காமாவை ஓரளவு மீட்டுத் தருகிறது. நம் நாட்டு மருத்துவர்களும் அதைத் தருகிறார்கள். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒரு புதிய சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன. ரத்த அணுக்களை உண்டாக்கும் குருத்தணுக்களை நோயாளியிடமிருந்தே எடுக்கிறார்கள். சிவப்பணுவாக வளரும் செல்களில் பி.சி.எல்.11ஏவைத் தூண்டுவது காட்டா-1 என்ற இன்னொரு காரணி. அது அமரும் இடத்தை மட்டும் கிரிஸ்பர் என்ற மரபணு திருத்தும் முறையில் வெட்டிவிட்டு, செல்களை உடலுக்குள் திருப்பிச் செலுத்துகிறார்கள். பூட்டும் புரதம் குறைகிறது, காமா திறக்கிறது. ஆனால் ஒருவருக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் செலவாகும். அட்டப்பாடிக் குழந்தைக்கும் எட்டும் விலையில் இது வர வேண்டும்.

இந்த நோய் ஒட்டிப் பரவாது, யார் செய்த தவறாலும் வருவதில்லை. மாறிய மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் பொதுவாக நலமாகவே இருப்பார்கள். கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் அவர்களுக்கு உண்டு. 2023 ஜூலையில் இந்திய அரசு 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் ஊரில் பரிசோதனை நடந்தால் தயங்காமல் போங்கள். சில துளி ரத்தம் போதும்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் தோல் செல்லிலும் ஹீமோகுளோபின் மரபணு இருக்கிறது. ஆனாலும் தோல் செல் ஹீமோகுளோபினைச் செய்வதில்லை. ஏன்? விடை காண ஒரு குறிப்பு: காட்டா-1 போன்ற காரணிகள் எந்தச் செல்களில் வேலை செய்கின்றன என்று மேலே பாருங்கள். பிறகு உங்கள் சொந்த வாக்கியங்களில் எழுதி, வகுப்பில் நண்பர்களுக்குச் சொல்லுங்கள்.