படி குறைந்தால் கண்டுபிடிப்பீர்களா?

திருத்தணி மலைக்குப் படியேறிப் போயிருக்கிறீர்களா? மொத்தம் 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. டிசம்பர் 31-ம் தேதி ராத்திரி படித் திருவிழாவில், ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, பாடிக்கொண்டே ஏறுவார்கள். அவர்களிடம் போய், "இந்த வருஷத்திலேர்ந்து 340 படிதான்" என்று சொல்லிப் பாருங்கள்... ஊரே திரண்டு வந்துவிடும்!

ஆனால், அதே மலையிலிருந்து இறங்கி ம.பொ.சி. சாலைக் கடைத்தெருவுக்கு வந்ததும் என்ன நடக்கிறது? இன்னொரு 'படி' குறைகிறது. அளக்கிற படி! அதை மட்டும் நாம் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

முன்பெல்லாம் அரிசி, பருப்புக்குப் படி, உழக்கு, ஆழாக்கு. எடைக்கு வீசை, பலம். 1956-ல் வந்த சட்டத்தால் படிப்படியாக கிலோவும் லிட்டரும் வந்தன. 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி, ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததே, அந்தக் காலகட்டத்தில்தான் இந்த மாற்றமும் நடந்தது. படியோ, கிலோவோ... கடைக்காரர் அளக்கும்போது நம் பாட்டிகளின் கண் அங்கேயேதான் இருக்கும். "என்னப்பா, தலைதட்டி அளக்கிறே? கோபுரமா போடு!" என்று சண்டை பிடித்து வாங்கினார்கள்.

இப்போது எல்லாமே பாக்கெட். அளவு எங்கேயோ இருக்கிற ஃபேக்டரியில் முடிவாகிறது. அதே கவர், அதே கலர், அதே அஞ்சு ரூபாய். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

எப்படிக் குறைந்தது?

எல்லோர் வீட்டிலும் டீயில் முக்கிச் சாப்பிட்ட பார்லே-ஜி பிஸ்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1994-ல் சின்ன பாக்கெட் 4 ரூபாய். எடை 100 கிராம். ஏறக்குறைய 25 வருஷம் அந்த 4 ரூபாய் மாறவே இல்லை. "அட, விலையே ஏத்தலையே!" என்று நாம் சந்தோஷப்பட்டோம். ஆனால் எடை 92.5 கிராம், 88 கிராம் என்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு விலை 5 ரூபாய் ஆனது. 2022-ல் அந்த பாக்கெட்டின் எடை 55 கிராம்.

கணக்குப் போட்டால், கிராமுக்கு 4 பைசா கொடுத்த இடத்தில் 9 பைசா. அதாவது இரண்டு மடங்குக்கும் மேலே. நம் கண்ணுக்குத் தெரிந்ததோ ஒரே ஒரு ரூபாய் உயர்வுதான்!

2022-ல் இன்னும் இரண்டு பொருட்கள் செய்தியில் அடிபட்டன. 10 ரூபாய் ஹல்திராம் ஆலு புஜியா 55 கிராமிலிருந்து 42 கிராம் ஆனது. 10 ரூபாய் விம் பார் 155 கிராமிலிருந்து 135 கிராம் ஆனது.

கம்பெனிகளின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் ரஷ்யா-உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஏப்ரல் கடைசியில் இந்தோனேஷியா பாமாயில் ஏற்றுமதியை மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்திவைத்தது. பிஸ்கட், மிக்சர், சோப்பு எல்லாவற்றுக்கும் பாமாயில் வேண்டும். சரக்கு விலை ஏறினால், 5 ரூபாயை ஐந்தே முக்கால் ரூபாய் ஆக்க முடியுமா? சில்லறைக்கு எங்கே போவது? வாங்குகிறவர்களும் 5, 10 என்று முழு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அதனால் விலையைத் தொடாமல் எடையில் கை வைக்கிறார்கள். பாமாயில் விலை இறங்கிய பிறகு எடை பழையபடி ஏறியதா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

கவர் மேல் 42 கிராம் என்று அச்சிட்டு, உள்ளே 42 கிராம் இருந்தால் அது குற்றம் இல்லை. அச்சிட்ட எடையைவிடக் குறைவாக இருந்தாலோ, எம்.ஆர்.பி.க்கு மேல் காசு கேட்டாலோதான் குற்றம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பு ஒரு பாதுகாப்பு இருந்தது. பிஸ்கட், ரொட்டி, டீ, காபி, சமையல் எண்ணெய், மாவு, உப்பு, குழந்தை உணவு என்று 19 வகைப் பொருட்களை, விதிகளில் சொல்லியிருந்த அளவுகளில்தான் பாக்கெட் போட வேண்டும். சில விதிவிலக்குகளும் உண்டு. அந்தப் பட்டியலையே மத்திய அரசு 2021-ல் செய்த திருத்தம் நீக்கிவிட்டது. எந்த எடையில் வேண்டுமானாலும் பாக்கெட் போடலாம். அதற்குப் பதிலாக, கிராமுக்கு எவ்வளவு, கிலோவுக்கு எவ்வளவு என்று கவரிலேயே அச்சிட வேண்டும் என்றது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1 கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் 'கிராமுக்கு இவ்வளவு ரூபாய்' என்று போடுகிறார்கள். அதுவும் புள்ளிக்குப் பின்னால் இரண்டே இலக்கம். 900 கிராம் மாவு ஒரு கம்பெனியில் 50 ரூபாய், இன்னொன்றில் 58 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கவரிலும் கிராமுக்கு 0.06 ரூபாய் என்றேதான் வரும்! கிலோவுக்குப் பார்த்தாலோ கிட்டத்தட்ட 9 ரூபாய் வித்தியாசம்.

அதனால் கணக்கை நீங்களே போடுங்கள். விலையை கிராமால் வகுத்து, 1000-ஆல் பெருக்குங்கள். அதுதான் கிலோ விலை. செல்போனில் பத்து செகண்டு வேலை. நகரியில் வாங்கினாலும் சரி, திருத்தணியில் வாங்கினாலும் சரி, இந்தக் கணக்கு ஒன்றுதான்.

இன்னொரு விஷயம். எடை கால் பங்கு குறைந்தால், விலை கால் பங்கு ஏறியதாக அர்த்தம் இல்லை. மூன்றில் ஒரு பங்கு ஏறியதாக அர்த்தம்! 100 கிராம் 10 ரூபாய் என்றால் கிலோ 100 ரூபாய். அதே 10 ரூபாய்க்கு 75 கிராம் என்றால் கிலோ 133 ரூபாய்.

எண்ணெய் கவரில் ஒரு சூட்சுமம்

"ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோதானே?" என்று பலரும் நினைக்கிறோம். இல்லை. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். சூடு ஏறினால் எண்ணெய் விரியும். அப்போது அதே ஒரு லிட்டரில் எடை இன்னும் குறையும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் சுமார் 919 கிராம். 60 டிகிரியில் சுமார் 893 கிராம்தான்.

சில கவர்களில் '60 டிகிரியில் 1 லிட்டர்' என்று அச்சிட்டிருந்தார்கள். நம் சமையலறை எந்த நாளில் 60 டிகிரி சூட்டில் இருந்தது? சித்திரை வெயிலில்கூட இல்லை! 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதில் தலையிட்டது. சூட்டைக் குறிப்பிடாமல் அளவையும், சரியான எடையையும் அச்சிடுங்கள் என்று சொல்லி, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது.

பார்க்க ஒரு லிட்டர் கவர் மாதிரியே இருக்கும் 800, 850 கிராம் கவர்களும் கடையில் உண்டு. கவரின் உயரத்தைப் பார்க்காதீர்கள், கிராமைப் பாருங்கள்.

உடம்புக்கு என்ன சம்பந்தம்?

"காசு விஷயத்தை ஹெல்த் பத்திரிகையில எதுக்குப் பேசறீங்க?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

முதலில், அம்மாவின் தட்டு. மாசக் கடைசி வரை வர வேண்டிய பாக்கெட் 25-ம் தேதியே தீர்ந்துபோனால், வீட்டில் யாருக்குக் குறையும்? குழந்தைகளுக்குக் குறையாது. வேலைக்குப் போகிற கணவருக்கும் குறையாது. "எனக்குப் பசிக்கலை, ரசம் போதும்" என்று சொல்கிற ஒரே ஆள் நீங்கள்தான்! 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. அந்தத் தட்டில் இனியும் குறைக்க இடம் இல்லை.

அடுத்தது கைக்குழந்தை. டாக்டர் ஆலோசனைப்படி பால்பவுடர் கொடுக்கிறவர்கள், டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்காதீர்கள். குழந்தையின் வயிறு நிரம்பும், சத்து சேராது. எடை ஏறாமல் போய்விடும். டப்பா மாறினால் உள்ளே இருக்கும் ஸ்பூனின் அளவும் மாறலாம். பழைய ஸ்பூனைப் புது டப்பாவில் போடாதீர்கள். எத்தனை ஸ்பூனுக்கு எவ்வளவு தண்ணீர் என்று ஒவ்வொரு முறையும் படியுங்கள்.

மூன்றாவது, வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கவர். இதில் பெரிசும் உண்டு, சின்னதும் உண்டு. 20.5 கிராம் கவரை 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். 4 கிராம் சொச்சம் உள்ள சின்ன கவரை 200 மில்லி தண்ணீரில், அதாவது ஒரு டம்ளரில் கரைக்க வேண்டும். சின்ன கவரை ஒரு லிட்டரில் போட்டால் பலன் இருக்காது. பெரிய கவரை ஒரு டம்ளரில் போட்டால் உப்பு அதிகமாகி, குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு நடந்து வருகிறவர்கள், பையில் வைத்திருக்கும் கவர் எந்த அளவு என்று கிளம்பும்போதே பார்த்துவிடுங்கள்.

நான்காவது, எடை குறையாமல் தரம் குறைவது. காபித்தூளில் சிக்கரி 49 சதவீதம் வரை கலக்கலாம் என்று விதி இருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்பது கவரிலேயே இருக்கும். குளிர்ந்த டப்பாவில் 'ஐஸ்கிரீம்' என்று இல்லாமல் 'ஃப்ரோஸன் டெசர்ட்' என்று இருந்தால், பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய்க் கொழுப்பு போட்டது என்று அர்த்தம். எந்தப் பொருளிலும் எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். பட்டியல் சர்க்கரையில் ஆரம்பித்தால் யோசியுங்கள்.

வெளியூர்க்காரர்கள் என்ன செய்தார்கள்?

இங்கிலாந்தில் 2016-ல் டாப்லரோன் சாக்லேட்டின் முக்கோண முகடுகளுக்கு நடுவே இடைவெளியை அதிகமாக்கி, 170 கிராமை 150 கிராம் ஆக்கினார்கள். பல் விழுந்த சீப்பு மாதிரி இருக்கிறது என்று ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். பிரான்ஸில் 2024 ஜூலை 1 முதல், எடை குறைந்த பொருளுக்குப் பக்கத்திலேயே பெரிய கடைகள் இரண்டு மாதத்துக்கு அறிவிப்பு வைக்க வேண்டும். இலங்கையில் பாண் என்று சொல்லும் ரொட்டியின் எடை இஷ்டத்துக்குக் குறைகிறது என்று புகார் கிளம்பி, 2024 பிப்ரவரியில் ஒரு முழுப் பாண் 450 கிராம் என்று அரசு வர்த்தமானியில் அறிவித்தது.

நம் ஊரில் அப்படி அறிவிப்புப் பலகை இல்லை. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. அடிக்கடி வாங்கும் பத்துப் பொருட்களின் எடையையும் விலையையும் காலண்டர் பின்பக்கம் தேதி போட்டு எழுதுங்கள். அல்லது ஒரு காலி கவரை மடித்து வையுங்கள். மூணு மாசம் கழித்து புது கவரோடு ஒப்பிடுங்கள்.

2. 'எக்ஸ்ட்ரா', 'புதிய பாக்கெட்' என்று கவரின் தோற்றம் மாறும்போதெல்லாம் எடையைப் பாருங்கள்.

3. பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்பிவிடாதீர்கள். கிலோ விலை போட்டுப் பாருங்கள்.

4. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சோப்பு, ஷாம்பு மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. உங்கள் 5 ரூபாய் பாக்கெட் இன்னும் 5 ரூபாய்தான் என்றால், உள்ளே எடையாவது கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

5. குழந்தைக்குத் தினமும் பிஸ்கட் வாங்குகிற காசில் வேர்க்கடலை வாங்கி வறுத்துக் கொடுங்கள். 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. பிஸ்கட்டில் சுமார் 7 கிராம்தான். சின்னக் குழந்தை என்றால் தொண்டையில் சிக்காதபடி பொடித்துக் கொடுங்கள்.

6. ரேஷன் கடையில் கார்டுக்கு 1 கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய். "கியூவில யாரு நிக்கிறது?" என்று விட்டுவிடாதீர்கள்.

7. அச்சிட்ட எடையைவிடக் குறைவாக இருந்தாலோ, எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினாலோ, பில்லையும் கவரையும் பத்திரப்படுத்தி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் எடை, அளவைப் பார்ப்பது தொழிலாளர் துறை. மாவட்ட அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம்.

கடைக்கார அண்ணனோடு சண்டை வேண்டாம். கவரை அவர் தைக்கவில்லை. ஆனால், "அண்ணே, இது முன்னாடி எத்தனை கிராம் இருந்துச்சு?" என்று சத்தமாகக் கேளுங்கள். பக்கத்தில் நிற்கிற நாலு பேர் காதில் விழட்டும். அவர்களும் கவரைத் திருப்பிப் பார்ப்பார்கள். இனி மளிகை லிஸ்ட் எழுதும்போது, பொருளின் பெயருக்குப் பக்கத்தில் எடையையும் சேர்த்தே எழுதுங்கள். உங்களுக்கும் முழுசாக ஒரு கரண்டி பருப்பு மிஞ்சும்!