பள்ளிக்கூடத்தை மேற்பார்க்கும் பெற்றோர்

அரசாங்கப் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் குறை கூறாதவர் நம்மிடையே அரியர். ஆசிரியர் போதவில்லை என்பார் ஒருவர். குடிநீர் சரியில்லை என்பார் மற்றொருவர். ஆனால் அக்குறையை எந்த இடத்தில், யார் முன்னிலையில், எவ்வாறு சொன்னால் அதற்கு விடை கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பட்டம் பெற்றவர்களும் பதில் சொல்லத் தடுமாறுவர். அவ்விடம் எங்கோ இல்லை. பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் பள்ளி மேலாண்மைக் குழு. அது எப்படி அமைகிறது, எப்படிக் கூடுகிறது, எதை எழுதுகிறது, எதைக் கேட்கலாம் என்பவற்றை நம் மன்ற நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் அறிவியல் மாணவன். சட்டம் படித்தவன் அல்லன். எனினும் என் பெற்றோர் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கட்டட வேலைக்காக இச்சண்டிகர் நகருக்கு வந்தவர்கள். என் தங்கை இங்குள்ள அரசாங்கப் பள்ளி ஒன்றில் படிக்கிறாள். அப்பள்ளியின் குழுவில் என் தாயார் இரண்டாண்டு உறுப்பினராக இருந்தார். ஆகவே சட்டப் புத்தகத்தில் உள்ளதையும், கூட்டத்தில் நடப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

குழு பிறந்த வரலாறு

பள்ளியும் ஊரும் கைகோக்க வேண்டும் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. 1950களின் பிற்பகுதியில், காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. மக்கள் நிலம் கொடுத்தார்கள். பலகை, நாற்காலி, மணி, கடிகாரம் கொடுத்தார்கள். அன்று ஊரார் கொடுப்பவராக வந்தனர். இன்றைய குழுவில் பெற்றோர் கேட்பவராகவும் கணக்குப் பார்ப்பவராகவும் அமர்கின்றனர். இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும்.

2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளின் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதனைச் செயற்படுத்த 2009-இல் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவே இக்குழுவின் தாய். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இப்பிரிவு பொருந்தாது. 2012-இல் வந்த திருத்தத்தின்படி, உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையோர் பள்ளிகளிலும் குழு ஆலோசனை மட்டுமே கூறலாம். அரசாங்கப் பள்ளிகளில்தான் அதற்கு முழுப் பொறுப்பு உண்டு.

மாநிலங்கள் தத்தமக்கென விதிகள் வகுத்துக்கொண்டன. சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதிகளுக்கு மத்திய அரசாங்கம் 2010-இல் வெளியிட்ட விதிகளே உரியவை. நம் சண்டிகர் அத்தகைய பகுதியாதலின், கீழே நான் கூறுபவை அவ்விதிகளைத் தழுவியவை. மற்ற மாநிலங்களில் எண்ணிக்கையும் இடைவெளியும் சிறிது மாறலாம். தமிழ்நாட்டில் 2022-இல் குழுக்கள் மறுபடி அமைக்கப்பட்டபோது 20 உறுப்பினருள் 15 பேர் பெற்றோர்.

யார் யார் உறுப்பினர்?

உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக, அல்லது பெற்றோர் இடத்திலிருந்து வளர்ப்பவராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் குழந்தைகள் எவ்வளவு பேர் படிக்கிறார்களோ, அந்த அளவுக்கு அவர்தம் பெற்றோர்க்கும் இடம் உண்டு. எஞ்சிய கால் பங்கு மூன்றாகப் பிரிகிறது. ஒரு பங்கு உள்ளாட்சி மன்றத்தின் உறுப்பினர்க்கு. ஒரு பங்கு ஆசிரியர்கள் தெரிந்தெடுக்கும் ஆசிரியர்க்கு. ஒரு பங்கு வட்டாரக் கல்வியாளருக்கு, அல்லது அப்பள்ளி மாணவருக்கே! இக்கடைசிப் பங்கைத் தீர்மானிப்பவர் குழுவிலுள்ள பெற்றோர்.

பன்னிருவர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். அதில் ஒன்பது பேர் பெற்றோர், ஒருவர் உள்ளாட்சி உறுப்பினர், ஒருவர் ஆசிரியர், ஒருவர் கல்வியாளர் அல்லது மாணவர். தலைவரும் துணைத்தலைவரும் பெற்றோரிடையிலிருந்தே வர வேண்டும். தலைமையாசிரியர் தலைவர் அல்லர். அவர் கூட்டத்தைக் கூட்டும் அமைப்பாளர். பாத்திரம் தேய்க்கும் வேலைக்குப் போகும் தாய் தலைவராக அமர, தலைமையாசிரியர் அவர் முன்னே கணக்கை வைக்க வேண்டும் என்பது சட்டம் கண்ட காட்சி. குழு இரண்டாண்டுக்கு ஒருமுறை புதிதாக அமைக்கப்படும்.

மாதக் கூட்டம்

மாதம் ஒருமுறையேனும் குழு கூட வேண்டும். கூட்டத்தில் எடுத்த முடிவுகளை முறையாக எழுதி வைக்க வேண்டும். அவ்வெழுத்து பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்க வேண்டும். இம்மூன்றும் விதி.

ஒழுங்காக நடக்கும் கூட்டம் பின்வரும் முறையில் செல்லும். முதலில், போன மாத நடவடிக்கைக் குறிப்பு படிக்கப்படும். அதில் சொன்னவற்றுள் எவை நடந்தன, எவை நடக்கவில்லை என்று பார்க்கப்படும். அடுத்து, மாணவர் வருகை: எத்தனை பேர் பெயர்ப் பதிவில் உள்ளனர், எத்தனை பேர் வருகின்றனர், வராதவர் ஏன் வரவில்லை என்பன. பிறகு ஆசிரியர் வருகை. அதன் பின் மதிய உணவு: தொடக்க வகுப்புக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், 6 முதல் 8 வகுப்புக் குழந்தைக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் வேண்டும் என்பது அளவு. உணவைச் சுவைத்துப் பார்த்துச் சொல்ல உறுப்பினருக்கு உரிமை மட்டுமன்று, கடமையும் உண்டு. பின்னர்க் கட்டடம், கழிப்பறை, குடிநீர். இறுதியில் வரவு செலவு.

ஆசிரியர் வேறு வேலைகளுக்கு இழுக்கப்படுகிறார்களா என்பதையும் குழு கேட்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு எப்பணிக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது 27-ஆம் பிரிவு. ஆக, குழு ஆசிரியர்க்குப் பகையன்று. அவர்க்கு அரண் என்றும் கொள்ளலாம்.

நடவடிக்கைக் குறிப்பின் வலிமை

ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் முதற்பாடம் யாது? குறிப்பேட்டில் ஏறாத அளவை, எடுக்காத அளவையே. குழுவுக்கும் இது பொருந்தும். பேசியது காற்றோடு போம், எழுதியதே நிற்கும்.

என் தாயார் கூட்டத்துக்குப் போவார்; வருவார். என்ன பேசினார்கள் என்று ஒருநாள் கேட்டேன். “எல்லாம் இந்தியிலே பேசினாங்க தம்பி. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டுட்டு வந்தேன்” என்றார். குறிப்புப் புத்தகம் எவரும் பார்க்கக் கூடியது என்று விதியில் இருப்பதால், அடுத்த முறை நானும் உடன் சென்று புத்தகத்தைப் படித்துத் தமிழில் சொன்னேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும் என்று மூன்று மாதக் குறிப்பிலும் இருந்தது. மூன்றின் கீழும் ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற ஒரே வாக்கியம். யார் எடுப்பது, எந்த நாளுக்குள், எந்தப் பணத்தில் என்று ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் என் தாயார் தமக்குத் தெரிந்த இந்தியில் இரண்டே கேள்விகள் கேட்டார்: “யார் செய்வார்? எப்போது செய்வார்?” அவர் சண்டை போடவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. அம்மாதக் குறிப்பில் ஒரு பெயரும் ஒரு தேதியும் ஏறின. தொட்டி கழுவப்பட்டது. தீர்மானம் என்பது பெயரும் நாளும் பணமும் சேர்ந்த வாக்கியம்; அவை இல்லாதது நல்லெண்ணம் மட்டுமே. இந்தப் பாடத்தை எழுதப் படிக்க அதிகம் அறியாத ஒருவரிடம் நான் கற்றேன்.

பணமும் கணக்கும்

பள்ளிக்கு ஒவ்வோர் ஆண்டும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் வழியாகப் பள்ளி மானியம் வருகிறது. திட்ட அளவின்படி 101 முதல் 250 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு 50,000 ரூபாய். 251 முதல் 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்கேனும் தூய்மைப் பணிக்குச் செல்ல வேண்டும். குழு பெறும் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, ஆண்டுதோறும் தணிக்கை செய்விக்க வேண்டும். வரவு செலவு அறிக்கையில் தலைவர் அல்லது துணைத்தலைவரும் அமைப்பாளரும் கையெழுத்திட்டு, ஒரு மாதத்துக்குள் உள்ளாட்சி மன்றத்துக்கு அனுப்ப வேண்டும். கையெழுத்திடும் பெற்றோர் எதில் கையெழுத்திடுகிறோம் என்று அறிந்து இடுதல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாண்டுத் திட்டம்

குழுவின் பணிகளுள் தலையாயது பள்ளி வளர்ச்சித் திட்டம். குழு அமைந்த நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, அஃதாவது டிசம்பர் இறுதிக்குள், மூன்றாண்டுக்கான திட்டத்தை அது தீட்ட வேண்டும். வகுப்பு வாரியாக வரப்போகும் மாணவர் எண்ணிக்கை, தேவையான ஆசிரியர், தேவையான கட்டட வசதி, அதற்காகும் செலவு ஆகியவை அதில் இடம்பெறும். அரசாங்கம் மானியம் வழங்குவதற்கு இத்திட்டமே அடிப்படை என்று 22-ஆம் பிரிவு கூறுகிறது.

இங்கேதான் நம்மவர் நிலை வந்து முட்டுகிறது. சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். முதல் ஐந்து வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. தொண்ணூறாவது குழந்தைக்கும் தொண்ணூற்றோராவது குழந்தைக்கும் இடையே ஓர் ஆசிரியர் நிற்கிறார்! குடியிருப்பில் வீட்டைக் காத்துக்கொண்டும் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டும் நிற்கும் ஒரு தமிழ்ச் சிறுமி எண்ணப்படவில்லையாயின், அவள் மட்டும் படிப்பை இழப்பதில்லை. மற்றத் தொண்ணூறு பேரும் ஓர் ஆசிரியரை இழக்கின்றனர்.

“பிறப்புச் சான்று ஊரில் இருக்கிறது”, “மாற்றுச் சான்றிதழ் வரவில்லை”, “சேர்க்கை முடிந்துவிட்டது” என்ற மூன்று காரணங்களைப் பெயர்ந்து வந்த குடும்பங்கள் அடிக்கடி கேட்கின்றன. இம்மூன்றும் சட்டத்தின் முன் செல்லா. வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்றோ, நாள் கடந்துவிட்டது என்றோ குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது. பிழைப்புக்காக இடம் பெயர்ந்தோரின் குழந்தைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்றே 9-ஆம் பிரிவு தனியாகக் குறிப்பிடுகிறது. சேர்க்கை மறுக்கப்பட்டால், அதை உள்ளாட்சியின் கவனத்துக்குக் கொண்டு செல்வது குழுவின் வேலை. அதுவும் பயன் தராதாயின், எவரும் எழுத்து மூலம் முறையிடலாம். மூன்று மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அம்முடிவின் மேல் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடும் உண்டு.

எல்லையும் இடரும்

குழுவால் ஆகாதவையும் உள. ஆசிரியரை நியமிக்கவோ மாற்றவோ அதனால் இயலாது. பாடநூலை வகுக்கவும் இயலாது. அமெரிக்க நாட்டின் பெரும்பாலான ஊர்களில் மக்கள் வாக்களித்து அமைக்கும் பள்ளி வாரியம், கல்வி அதிகாரியையே நியமித்து, ஆண்டு வரவு செலவுத் திட்டத்தையும் நிறைவேற்றுகிறது. நம் குழுவுக்கு அத்துணை அதிகாரம் இல்லை. பார்த்தல், கேட்டல், எழுதுதல், திட்டம் தருதல் ஆகிய நான்கே அதன் கருவிகள். எங்கள் குழு தன் திட்டத்தில் கேட்ட ஆசிரியர் இன்னும் வரவில்லை. ஆயினும் கேட்டோம் என்பதற்கு எழுத்து இருக்கிறது. அடுத்து வரும் குழு ‘அ’ என்னும் எழுத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இடர்களும் உள. கூட்டம் பெரும்பாலும் வேலை நாளில் காலை பத்து மணிக்கு நடக்கிறது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் தாய்மார்க்கு அது அரைநாள் கூலி. மொழி தெரியாத அவையில் அரைநாள் கூலியை இழந்து மௌனமாக அமர்ந்திருப்பதற்கு யார்தாம் விரும்புவர்? வராத பெற்றோரைக் குறை கூறுமுன் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் செய்யத் தக்கது

நண்பர்களே! நாம் இப்பல்கலைக்கழகத்தில் பொங்கல் விழா எடுக்கிறோம், நாடகம் போடுகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். எல்லாம் நல்லவையே. அவற்றோடு, மாதம் ஒரு காலைப் பொழுதையும் ஒதுக்க முடியாதா? நம்மில் இந்தியும் பஞ்சாபியும் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பலர் உளர். ஒரு குடியிருப்புக்கு இருவர் என்று பொறுப்பேற்றுக்கொண்டால் மூன்று காரியங்கள் எளிதில் முடியும். குழு உறுப்பினரான தமிழ்த் தாய்மார்க்குக் குறிப்புப் புத்தகத்தைத் தமிழில் படித்துச் சொல்லலாம். பள்ளியில் சேராத குழந்தைகளின் பெயரையும் வயதையும் பட்டியலிட்டு, டிசம்பருக்கு முன் குழுவிடம் கொடுக்கச் செய்யலாம். மாலையிலோ விடுமுறை நாளிலோ கூட்டம் வைக்குமாறு குழுவே தீர்மானம் எழுதத் துணை நிற்கலாம். இம்மூன்றுக்கும் பணம் தேவையில்லை; பதவி தேவையில்லை.

நாம் பேச வேண்டியதில்லை, பெற்றோர் பேசுவர். அவர்களுக்குப் புத்தகத்தில் உள்ளது தெரிந்தால் போதும். புது உறுப்பினர் தேர்வு வரும்போது, நம் குடியிருப்புகளிலிருந்து இன்னும் இருவர் முன்வருவராயின், அதுவே இம்மன்றம் இவ்வாண்டு ஆற்றிய நற்பணியாக அமையும்.