மலக்கசட்டை எருவாக்கும் முறை

ஊர்க்கழிவு வயலுக்கு ஆகாததன்று. அதனைப் பக்குவம் செய்யாது இடுவதே ஆகாதது. பாதாளச் சாக்கடையில்லாத சிறு பட்டணங்களில் மலஜலம் வீடுதோறும் உள்ள தொட்டிகளிலேயே தங்குகிறது. தொட்டி நிரம்பியதும் லாரி வந்து கசட்டை உறிஞ்சிச் செல்லும். அதனைக் கொட்டுதற்கு ஒழுங்கான இடமில்லாவிடில், அக்கசடு ஏரி வாய்க்காலிலோ, உரச்செலவு மிச்சமென்று எண்ணும் குடியானவரது நிலத்திலோ வந்து சேரும்.

பச்சைக் கசட்டில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டென்பது மெய்யே. ஆயினும் உருண்டைப்புழு, கொக்கிப்புழு ஆகியவற்றின் முட்டைகளும் அதில் இருக்கக்கூடும். உருண்டைப்புழுவின் முட்டை ஈரமண்ணில் பல மாதங்கள், சில சமயம் வருஷக்கணக்கிலும், சாகாமற் கிடக்கும். கொக்கிப்புழுவின் முட்டை மண்ணிற் பொரிந்து, வெளிவரும் புழு, வெறுங்காலுடன் களையெடுப்போரின் தோலைத் துளைத்து உட்புகுந்து இரத்தசோகையை விளைவிக்கும். மிச்சமான உரச்செலவு வைத்தியச் செலவாகத் திரும்புவது இவ்வாறே.

இவ்விஷயத்தில் பெங்களூரு ஊரக மாவட்டத்துத் தேவனஹள்ளி நல்லதொரு திருஷ்டாந்தம். சக்கோத்தாப் பழத்துக்குப் பேர்பெற்ற அவ்வூரில், 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி சுமார் 28,000 பேர் வசித்தனர். நாளொன்றுக்கு 6,000 லிட்டர் கசட்டைப் பக்குவம் செய்யத்தக்க நிலையம் 2015-ஆம் வருஷத்தில் அங்கு ஏற்பட்டது. பட்டணம் முழுமைக்குமென இந்தியாவில் அமைந்த இத்தகைய நிலையங்களுள் அதுவே முதலாவது.

அங்கு அமைந்த முறை பின்வருமாறு. லாரியிலிருந்து விழும் கசடு முதலிற் கம்பித் தடுப்பின் வழியே சென்று குப்பை கூளம் நீங்கும். பின்னர், சாண எரிவாயுக் கலத்தில் நிகழ்வதுபோலவே, காற்றுப்புகாத தொட்டியிற் புளித்துத் துர்நாற்றம் குறையும். அடுத்து, ஜல்லியும் மணலும் பரப்பிய உலர்த்து பாத்திகளிற் பாய்ச்சப்படும். ஜலம் அடியில் வடிந்துவிட, கசடு மேலே தங்கி வெயிலிற் காய்ந்து மண்வெட்டியால் வாரத்தக்கதாகும். வடிந்த ஜலம் தடுப்புச்சுவர்த் தொட்டி, சரளைக்கல் வடிகட்டி ஆகியவற்றின் மூலம் தனியே சுத்தி செய்யப்படும்.

காய்ந்த கசடும் உடனே எருவாகிவிடாது. உலர்த்துவதால் மட்டும் புழுமுட்டைகள் முற்றும் அழிவதில்லை. ஆகையால் ஊர்க்குப்பையிலிருந்து பிரித்த மட்கும் பொருள்களுடன் அதனைக் கலந்து மட்கவைத்தல் அவசியம். கசட்டில் தழைச்சத்து மிகுதி. இலை, சருகு முதலியவற்றிற் கரிச்சத்து மிகுதி. இரண்டும் சேர்ந்தாலே குவியல் நன்கு சூடேறும். குவியலினுள் 55 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாத உஷ்ணம் 15 நாட்கள் நிலைக்கவேண்டும். அதற்குள் ஐந்து முறையேனும் புரட்டி, வெளிப்புறத்திற் சூடேறாது கிடந்ததை உட்புறமாக்கவேண்டும். கையாற் பிழிந்தால் நனைய வேண்டும், சொட்டலாகாது. அவ்வளவு ஈரமே போதுமானது.

குடியானவர்கள் லாரிக் கசட்டை நேரே நிலத்தில் விடுவிக்கலாகாது. மட்கிய எருவையும் அடியுரமாகவே இட்டு உழுது மூடுதல் நலம். பச்சையாக உண்ணும் காய்கறிகளுக்கு மேலுரமாக இடுதல் கூடாது. எருவைக் கையாளுவோர் காலுக்குச் செருப்பு அணிந்து, வேலை முடிந்தபின் சோப்பினாற் கைகழுவ வேண்டும்.

கிராம அதிகாரிகள், தொட்டிகள் இரண்டு அல்லது மூன்று வருஷத்துக்கொருமுறை இயந்திரத்தால் சுத்தம் செய்யப்படுகின்றனவா என்று கவனிப்பது கடமை. பாதுகாப்புச் சாதனங்களின்றித் தொட்டிக்குள் ஆளிறக்குவது 2013-ஆம் வருஷத்துச் சட்டத்தால் தடுக்கப்பட்டதாகும். உறிஞ்சிச் சென்ற லாரி எவ்விடத்திற் கொட்டுகிறதென்பதையும் விசாரித்தறிய வேண்டும். அவ்விடம் எதுவென்பதைப் பொறுத்தே கசடு ஊருக்கு எருவாவதும் நோயாவதும் உள்ளது.