எலி மருந்தின் விலையும் எலி ஒழிப்பின் செலவும்

காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தில் மரச்சீனி கிழங்கு பிடிக்கத் தொடங்கியதும் வளை பறிக்கும் துரப்பன் எலியும் வந்துவிடுகிறது. மண்ணுக்குள்ளேயே கிழங்கைக் கரம்பித் தின்பதால் மேலே செடி பச்சையாகவே நிற்கும்; பிடுங்கும்போதுதான் நட்டம் தெரியவரும். அவசரத்தில் கடைக்குப் போய் விலை குறைந்த மருந்தைக் கேட்கிறோம். ஆனால் மருந்து வைத்தபின் மூடிய வளைகளில் எத்தனை மீண்டும் திறக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான செலவு தெரியும்.

காசில்லாத முதல் வேலை

மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் அடையுங்கள். காலையில் திறந்து கிடப்பவற்றில்தான் எலி இருக்கிறது. மருந்தும் கூலியும் அவற்றுக்கு மட்டும் போதும்.

மருந்துகள்

சிங்க் பாஸ்பைடு மலிவு, விரைவில் கொல்லும். 96 பங்கு தானியம், 2 பங்கு எண்ணெய், 2 பங்கு மருந்து என்பது கலவை. ஆனால் முதலில் இரண்டு மூன்று நாள் மருந்தில்லா இரை வைத்துப் பழக்க வேண்டும். பழக்காவிட்டால், கொஞ்சமாய்த் தின்று பிழைத்த எலி அந்த இரையை மறுபடி தொடாது. போட்ட காசு வீண். இதற்கு மாற்றுமருந்து இல்லை என்பதால் கோழியும் நாயும் குழந்தைகளும் உள்ள வீட்டோரம் இது வேண்டாம்.

புரோமாடியோலோன் விலை கூடுதல். இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாள் கழித்தே கொல்வதால் எலிக்குச் சந்தேகம் எழாது. பழக்கும் வேலை மிச்சம். வைட்டமின் கே1 மாற்றுமருந்தாக உண்டு. செத்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் நஞ்சேறும் என்பதால் எலிகளைப் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும்.

வளைக்குள் நச்சுவாயு பரப்பும் அலுமினியம் பாஸ்பைடு மனிதரையும் கொல்லும். பயிற்சி பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

பொறியும் கைத்திறனும்

மூங்கிலில் செய்யும் தஞ்சாவூர் கிட்டிக்கு ஒருமுறை செலவிட்டால் பல முறை பயன்படும். தினமும் வைத்து எடுக்க ஆள் வேண்டும். வடதமிழகத்து இருளர் பழங்குடியினர் வளைக்குள் புகையூதி, தோண்டி, குட்டிகளோடு எலியைப் பிடிக்கிறார்கள். நஞ்சு இல்லை, எலி பதுக்கிய நெல்லும் திரும்பக் கிடைக்கும். அவர்களது புகையூதும் கருவியை மேம்படுத்தும் திட்டம் 2003-ல் உலக வங்கியின் பரிசைப் பெற்றது.

எல்லோரும் ஒரே நாளில்

எலியின் சினைக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம்தான். ஒருவர் மட்டும் ஒழித்தால் பக்கத்து வரப்பிலிருந்து புது எலிகள் குடியேறிவிடும். எலிகள் குறைவாயிருக்கும் கோடையில், ஏலா (வயற்பரப்பு) முழுவதும் ஒரே நாளில் இறங்கினால் மருந்தும் கூலியும் மிச்சமாகும். அகல வரப்புகளைச் செதுக்கிக் குறுக்கினால் வளைபறிக்க இடமிராது.

இதில் உயிர்க்கணக்கும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து எலிக்காய்ச்சல் பரவும்; 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளம் அதன் கொடுமையைக் கண்டது. கையுறையும் நீர்புகாக் காலணியும் இல்லாமல் யாரையும் வளை தோண்ட அனுப்பக்கூடாது. அடுத்த நடவுக்கு முன் பாடசேகர சமிதியும் (வயல் உழவர் குழு) கிருஷி பவனும் (வேளாண் அலுவலகம்) கூடி ஒரு நாளைக் குறிக்கட்டும். அந்த நாளில் எல்லா வீட்டாரும் வரப்பில் இறங்கட்டும்.